பட்டினி கிடக்க வேண்டிய மீன்கள்

உயிர் மீன் வியாபாரத்தில் மாமனார் வைத்ததுதான் சட்டம். அவர் கால் வழுக்கி விழுந்து படுத்துவிட்டதால், அன்றைக்குத்தான் முதல் முறையாக மருமகள் பொறுப்பில் லோடு கிளம்பியது. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் தொழில் அவள் கையில். மீன் செத்தால் மகளைக் கட்டிய மாப்பிள்ளை கையில் என்று மனுஷன் கறாராகச் சொல்லிவிட்டார். அவளா விடுவாள்? முந்தின நாளே மீன்களுக்கு இரையை நிறுத்தினாள். வயிறு காலியாக இருந்தால்தான் வழியில் மலம் கழித்துத் தண்ணீரைக் கெடுக்காது.

பாதி வழியில் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தாள். தண்ணீரெல்லாம் நுரை. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஆக்சிஜன் குழாயில் ஒரு கோளாறும் இல்லை. வண்டி ஓட்டி வந்த புருஷனைப் பார்த்தாள். பேயறைந்த மாதிரி நின்றான். பட்டினியோடு அனுப்ப மனசு வராமல் காலையில் கூடை கூடையாக இரை போட்டானாம். அடப்பாவி, விற்கப் போகிற மீனுக்கு விருந்து வைத்த புண்ணியவான் உலகத்திலேயே இவன் ஒருத்தன்தான்!

திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். சண்டை எங்கே போய்விடும், அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சாலையோரத் தோட்டக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி மோட்டார் போடச் சொன்னாள். கெட்ட தண்ணீரைக் கொஞ்சம் திறந்துவிட்டு, அதே அளவு புதுத் தண்ணீரை விட்டாள். காற்றும் கலக்கட்டும் என்று குழாயைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துச் சாரலாக விழ வைத்தாள். மொத்தத்தையும் ஒரேயடியாக மாற்றிவிடலாமே என்று புருஷன் பறந்தான். தண்ணீர் சட்டென்று மாறினால் அந்த அதிர்ச்சியிலேயே செத்துப்போகும் என்று அவன் வாயை அடைத்துவிட்டு, திரும்பத் திரும்ப அதையே செய்தாள். தோள் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. மீன்கள் ஒவ்வொன்றாக அடிக்கு இறங்கின பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

சந்தையில் மொத்த வியாபாரி வலையை விட்டதும், ஒரு மீன் துள்ளி அவர் சட்டையை நனைத்தது. சிரித்துக்கொண்டே மாமனாருக்குப் போன் போட்டு, ஒன்றுகூடச் சாகவில்லை என்றார். புருஷன் போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"அப்பா, இரை போட்டுக் கெடுத்தது நான். காப்பாத்துனது அவ."



"நாளைக்கும் அவளே ஏத்தட்டும்," என்றார் மாமனார். "இனிமே எப்பவும் அவதான். நீ மீன் பக்கமே போகாத."

பெருமையில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, தொட்டியைக் கழுவச் சொல்லிப் புருஷன் கையில் குழாயைக் கொடுத்தாள்.