ராமர் அவிழ்த்த மூடை

“நீங்க எதுக்கு ஏறி வர்றீங்க? ஏத்தம் மூச்சு வாங்கும்,” என்றான் ராமர்.

“எனக்கும் மேல சோலி இருக்கு,” என்றாள் அன்னக்கொடி.

சோலி ஒன்றும் இல்லை. குதிரைமேல் போகிற இரண்டு மூடைப் பூண்டும் அவளுடையது. அதற்குக் காவலாகத்தான் கூட நடந்தாள். பள்ளங்கி ஊருக்குக் கீழே மலைச்சரிவில் இருக்கிற அவள் காட்டுக்கு வண்டி வராது. குதிரையில் ஏற்றி ரோட்டுக்குக் கொண்டுபோனால்தான் வேன். மத்தியானத்துக்குள் மழை இறங்கும் போலிருந்தது. இன்னும் ஆறு மூடை கீழே கிடந்தது. நனைந்தால் அழுகல்தான், பட்ட பாடெல்லாம் போச்சு. மற்ற குதிரைக்காரர்கள் சீசனுக்கு வருகிறவர்களைச் சவாரி ஏற்ற ஏரிப்பக்கம் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது ஆயக்குடியிலிருந்து வந்து தங்கிய ராமர் ஒருத்தன்தான். அவனோ மூடையை வழியில் அவிழ்த்துத் திருடுகிறவன் என்று பேர் வாங்கியவன்.

அந்தப் பேரைப் பரப்பியதில் அன்னக்கொடிக்கும் பங்கு உண்டு. போன வருஷம் அவள் மூடை ஒன்று ரோட்டுக்குச் சோனியாகப் போய்ச் சேர்ந்தது. “அவன் வழியில அவுக்கிறத எத்தன பேரு பாத்திருக்காங்க தெரியுமா?” என்றாள் பக்கத்துக் காட்டுக் கித்தேரியம்மாள். கேட்டதை டீக்கடையில் நாலு பேர் நடுவே சொல்லிவிட்டு வந்தவள் இவள்தான்.

தைலமரத்து வளைவில் குதிரை தானாக நின்றது. ராமர் மூடையின் கட்டை அவிழ்த்தான்.

“ஏலே! என் கண்ணு முன்னாடியேவா?”

“கத்தாதீங்க, மெரளும்.”

குதிரையின் முதுகில் மடித்துப் போட்டிருந்த சாக்கை விலக்கிக் காட்டினான். இடப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. மேலே மஞ்சள் அப்பியிருந்தான்.

“ஒரு மூடைய அமுக்கிக் கட்டுறீங்க, இன்னொண்ணப் பேருக்குக் கட்டுறீங்க. ஒரு பக்கமா இழுத்தா முதுகு என்னத்துக்கு ஆகும்?”

“லேசான பக்கம் கல்ல வச்சுக் கட்டலாம்ல?”

“இந்த ஏத்தத்துல கல்லையுமா அது சுமக்கணும்?”

“கீழயே சரி பண்ணியிருக்கலாமே.”

“கீழ நேராத்தான் நிக்கும். ஏறினாத்தான் தெரியும் எது இழுக்குதுன்னு. வாயப் பிடிங்க.”

அவள் மூடையின் வாயைப் பிடித்தாள். மூன்று கை அள்ளி அந்தப் பக்கத்து மூடையில் போட்டான். ஒரு பல்கூட வேறெங்கும் போகவில்லை. குதிரை தலையை ஆட்டிவிட்டு நடந்தது.

“இத ஊருல சொன்னா என்ன?”

“யாரு கேட்டீங்க? போன வருசம் ஒங்க மூடைக்குச் சோடி கித்தேரியம்மா மூடை. ஒங்கது கனம், நாலு கை அதுல மாத்துனேன். ‘அன்னக்கொடிகிட்ட குடுத்துருங்க’ன்னு அவங்ககிட்டச் சொல்லித்தான் எறக்குனேன்.”

அதற்குமேல் அவளுக்கு ஏற்றம் தெரியவில்லை. இத்தனை வருஷம் உப்பு, புளி கைமாற்றிய வீடு. பொய் சொல்கிறது இவனா, அவளா?

ரோட்டில் வேன் பக்கத்தில் கித்தேரியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“என்னடி, அவுத்தானா?”

“அவுத்தாரு. நாந்தான் வாயப் பிடிச்சேன். போன வருசம் என் பூண்டு ஒங்க மூடைக்கு வந்துச்சாமேக்கா?”

கித்தேரியம்மாள் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள். “அதுவா… குடுக்கணும்னுதான் இருந்தேன், மறந்துபோச்சு. நாலு கைப் பூண்டுக்கா இந்தக் கேள்வி?”

“பூண்டு கெடக்குக்கா. அந்த ஆளத் திருடன்னு சொல்லும்போதுகூடவா ஞாபகம் வரல?”

“நான் ஒன் காதுலதான் சொன்னேன். டீக்கடையில சொன்னது யாரு?”

அன்னக்கொடிக்குச் சுருக்கென்றது.

ராமர் இரண்டு மூடையையும் இறக்கிவிட்டுக் குதிரையைத் திருப்பினான். “வர்றீங்களா?”

“இல்ல. நீங்க வெரசாப் போயிட்டு வாங்க.”

“வழியில அவுப்பேன்.”

“அவுத்துக்கங்க.”

கடைசி நடை மேலே வந்த பிறகுதான் தூறல் விழுந்தது. எட்டு மூடையும் காய்ந்தபடியே வேனில் ஏறின. அன்னக்கொடி அவன் பக்கத்தில் போய் நின்றாள்.

“ஒங்களப் பத்தி டீக்கடையில நான் ஒண்ணு சொன்னேன்…”

“தெரியும்.”

“எப்பருந்து?”

“அப்பருந்தே.”

“தெரிஞ்சுமா இன்னிக்கு நான் கூப்பிட்டதும் வந்தீங்க?”

ராமர் வானத்தைப் பார்த்தான். “மழை வருதுல்ல,” என்றான்.