வீட்டுக்குப் போன மூவர்

2014 பிப்ரவரியில், எகிப்தின் தமன்ஹூர் நகரில், கல்லீரல் அறுவை சிகிச்சை செய்துவந்த இணைப் பேராசிரியர் ஷாஹினாஸ் கந்தீல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம் தயார் செய்தாள். கெய்ரோவிலிருந்த தேர்வுக்குழு எட்டு ஆய்வுக் கட்டுரைகள் கேட்டிருந்தது. அவளிடம் சரியாக எட்டு இருந்தன.

ஏழு அவளே எழுதியவை. எட்டாவது, கூடப் படித்து ஒரே வார்டில் தூக்கம் கெட்டு வளர்ந்த வகீஹ் சித்ஹோம் எழுதியது. என் கட்டுரையில் உன் பெயர், உன் கட்டுரையில் என் பெயர் என்பது அந்தத் துறையில் கல்யாண மொய் மாதிரி. வைத்தவருக்குத் திருப்பி வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் வகீஹின் கட்டுரையை அவள் படித்ததே இல்லை. இந்த முறை ஒவ்வொரு கட்டுரையிலும் தன் பங்கு என்ன என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் மதிய இடைவேளையில், ஒரு கையில் மொச்சை மசியல் வைத்த ரொட்டியோடு, அதைப் புரட்டினாள்.

இரண்டாம் பக்கத்திலேயே ரொட்டி மேஜைக்குப் போய்விட்டது. கல்லீரல் கட்டியை வெட்டியெடுத்த அறுபது நோயாளிகளைப் பற்றிய கட்டுரை அது. அவளுடைய சொந்தக் கட்டுரை ஒன்றும் அதே அறுபது பேரைப் பற்றியதுதான். அவள் கணக்கில், ஒரு மாதத்துக்குள் இறந்தவர்கள் ஏழு பேர். வகீஹின் கணக்கில் நான்கு. இரண்டிலும் அவள் பெயர் இருந்தது.

எழுந்து ஜன்னலைத் திறந்தாள். தெருவின் இரைச்சல் தாங்காமல் உடனே மூடினாள். உட்கார்ந்து மறுபடி எண்ணினாள். விடுபட்ட மூவர் யார் என்று அவளுக்குத் தெரியும். பிழைக்க மாட்டார் என்று தெரிந்த ஆளை இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் ஆஸ்பத்திரியில் சாகவிடுவதில்லை. உடலை வாங்க எத்தனை பேரிடம் அலைய வேண்டும்! அதனால் மூச்சு இருக்கும்போதே கையெழுத்துப் போட்டு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்கள். பதிவேட்டில் 'சொந்த விருப்பத்தில் வெளியேறினார்' என்று ஏறும். அந்த மூவரில் ஒருவரான ஹாஜி மித்வல்லியோடு ஷாஹினாஸே ஆம்புலன்ஸில் போனாள். கால்வாயோரத்து வீட்டில், அவருடைய கட்டிலில் அவரைக் கிடத்திய பிறகுதான், மூச்சுக் கொடுத்துவந்த காற்றுப் பையை அமுக்குவதை நிறுத்தினாள். துக்க வீட்டின் சர்க்கரையில்லாக் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

வகீஹ் தன் அறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஷாஹி, பேராசிரியை ஆகுறதுக்கு முன்னாடியே மூஞ்சி இவ்ளோ நீளமாயிடுச்சு?"

அவள் சொன்னதைக் கேட்டு அவன் அதிர்ச்சியடையவில்லை. பதிவேட்டில் இருந்ததைத்தான் எடுத்தெழுதினானாம். வீடு வீடாகப் போன் போட்டு விசாரிக்க அவனுக்கு ஏது நேரம்?

"நான் பொய் எழுதல. உயிரோடதானே வாசலத் தாண்டினாங்க?"

"ஹாஜி தாண்டினப்ப அவருக்கு மூச்சு விட்டது என் கை, வகீஹ்."

அவன் ஒரு சுளையை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"கெய்ரோவுல எவன் படிக்கிறான்? எடைதான் போடுவாங்க. எட்டு இருக்கா, இருக்கு. 'தரவுகளை ஆராய்ந்தேன்'னு ஒரு வரி எழுது. போன வருஷம் எனக்குப் பதவி குடுத்ததே இந்தக் கட்டுரைதான். இதத் தள்ளிவிட்டா, உனக்கு ஏழுதான் மிஞ்சும். கணக்குப் பாத்துக்க."

அவள் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இருந்தும் அந்த ஒரு வரியை எழுதிவிட வேண்டும் என்றே திரும்பினாள். வழியில் வார்டுக்குள் நுழைந்தாள். மறுநாள் அறுவை சிகிச்சைக்கு இருந்த நகாஃபா என்ற பள்ளி ஆசிரியை சம்மதப் படிவத்தை மடியில் வைத்திருந்தாள். நூற்றில் ஆறேழு பேருக்குத்தான் உயிராபத்து என்று பயிற்சி மருத்துவர் சொல்லியிருந்தார். அது வகீஹின் கட்டுரையிலிருந்து வந்த கணக்கு.

"நெஜந்தானே டாக்டர்? எங்கிட்ட மறைக்காதீங்க, வீட்டுல சின்னப் புள்ளைங்க இருக்கு."

ஷாஹினாஸ் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லம்மா. பன்னெண்டு பேர் வரைக்கும்."

நகாஃபா படிவத்தை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்தாள். கணவரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

அன்று மாலை ஷாஹினாஸ் கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு எழுதினாள். இறந்தவர்கள் ஏழு பேர், தன் பங்கு எதுவும் இல்லை, தன் பெயரை எடுத்துவிடுங்கள். நகலை வகீஹுக்கும் அனுப்பினாள். அதன் பிறகு அவன் ஆஸ்பத்திரி நடைபாதையில் எதிரே வந்தால் போனைக் காதில் வைத்துக்கொண்டான்.

இதழ் ஜூலையில் திருத்தம் வெளியிட்டது. அதில் வகீஹும் கையெழுத்திட்டிருந்தான். அவன் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு கட்டுரை குறைகிறது என்று ஷாஹினாஸின் விண்ணப்பத்தைத் தேர்வுக்குழு திருப்பி அனுப்பியது.