மூன்றாம் மாடியில் இரண்டு பேர்

ரொனால்டு வேலை பார்த்த கல்லூரி, திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் சாலையில் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே அவன் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசர். மனைவி ரீனா அதே கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. அவன் டிப்ளமோ, அவள் எம்.எஸ்ஸி. பெண் பார்த்தபோது இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரொனால்டு மட்டும் எடுத்துக்கொண்டான், வெளியே சொல்லாமல்.

அந்த வருஷம் புதுக் கட்டடத்தில் அறைக்கு அறை கூரையில் சென்சார் வைத்தார்கள். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அது எண்ணிச் சொல்லும். ஆள் இல்லையென்றால் விளக்கு, ஃபேன், ஏசி எல்லாம் தானாக நின்றுவிடும். யார் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. கீழ்த்தளத்தில் ஒரு கம்ப்யூட்டர் வைத்து, எல்லா அறைகளும் அதில் தெரியும்படியும், அங்கிருந்தே எதையும் அணைக்கும்படியும் செய்து ரொனால்டிடம் ஒப்படைத்தார்கள். கரண்ட் செலவு குறைந்ததும் முதல்வர் எல்லார் முன்னாலும் அவனைப் பாராட்டினார். ரீனாவும் கைதட்டினாள்.

சாயங்காலம் இருவரும் ஒரே பைக்கில் வீடு திரும்புவார்கள். கொஞ்ச நாளாகவே ரீனா, பேப்பர் திருத்த வேண்டியிருக்கிறது, செத்த நேரம் ஆகும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படிச் சொன்ன ஒரு நாள் அவன் திரையைப் பார்த்தான். வேதியியல் ஆசிரியர்கள் அறையில் யாருமில்லை. மூன்றாம் மாடியில் மூலையிலிருந்த சின்ன மீட்டிங் அறையில் மட்டும் ‘2’ என்றிருந்தது. இயற்பியல் ஆசிரியர் கிளெமென்ட் மாடி ஏறிப் போனதைச் சற்று முன்புதான் பார்த்திருந்தான். திருச்சியில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இன்னும் கல்யாணமாகாதவர்.

பைக்கில் வரும்போது, பேப்பர் முடிந்ததா என்று கேட்டான். பாதிதான் முடிந்தது என்றாள்.

அதற்குப் பிறகு அவனுக்கு வேறு அறைகளே கண்ணில் படவில்லை. அந்த இரண்டு என்ற எண் வரும், போகும். வந்த நாட்களில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ரீனா புதுச் சேலை கட்டினால் யாருக்காக என்று யோசித்தான். அவள் போனைப் பார்த்துச் சிரித்தால், என்ன சிரிப்பு என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசைக்கு முழங்கால் போட்டிருக்கும்போதும் கிளெமென்ட்டின் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைதான் கண்ணுக்குள் வந்தது.

ஒரு சாயங்காலம் பொறுக்க முடியாமல் அந்த அறையின் ஏசியைத் தன் மேசையிலிருந்தே நிறுத்தினான். வெந்துபோய் வெளியே வரட்டும் என்று காத்திருந்தான். எண் மாறவில்லை. ஃபேனை நிறுத்தினான். அப்போதும் இரண்டுதான். கடைசியில் விளக்கையும் அணைத்தான். வெளியே மழை இருட்டிக்கொண்டு நின்றது. இருட்டிலும் இருவரும் எழுந்து வரவில்லை என்று கண்டதும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். படியேறி ஓடினான்.

கதவு திறந்துதான் கிடந்தது. கிளெமென்ட், அறையின் இந்தக் கோடியில் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தார். அந்தக் கோடியில், ஜன்னல் வெளிச்சத்தில் ரீனா நின்றபடி ஆங்கிலத்தில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். வியர்வையில் ரவிக்கை நனைந்திருந்தது. தப்பாகச் சொன்ன இடத்தில் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கினாள்.

“வாங்க சார், கரண்ட் போயிருச்சு போல” என்றார் கிளெமென்ட். ரொனால்டின் முகத்தைப் பார்த்தவர், காகிதங்களை மேசையில் வைத்துவிட்டுக் கீழே போய்விட்டார்.

திருச்சியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பித்திருப்பதாகவும், அடுத்த வாரம் இன்டர்வியூ என்றும், அதற்குத்தான் கிளெமென்ட் கேள்வி கேட்டுப் பழக்குகிறார் என்றும் ரீனா சொன்னாள். அப்புறம் கூரையிலிருந்த சென்சாரைப் பார்த்தாள்.

“லைட்ட நிப்பாட்டுனது நீங்களா?”

“ஆமா.”

“நாங்க ரெண்டு பேரு இருக்கோம்னு தெரிஞ்சேவா?”

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று மட்டும் கேட்டான்.

“சொன்னேன். தவக்காலத்துல ஒருநா, சாப்பிடும்போது. இம்புட்டுப் படிச்சது பத்தாதான்னு கேட்டுட்டு, வெஞ்சனம் வைக்கச் சொன்னீங்க.”

அவனுக்கு அது ஞாபகமே இல்லை. ஞாபகமில்லாததுதான் அவனை அதிகமாகச் சுட்டது. அவர்களுக்குள் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் பொறாமை அடங்கவில்லை. தன்னிடம் ஒரு தடவை சொல்லி மூடிவைத்த ஆசையை அவள் இன்னொருவரிடம் திறந்து காட்டியிருக்கிறாள். அந்த ஆளும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

அன்றிரவு சாப்பிட்டதும் அந்தக் கேள்விகளைத் தானே கேட்பதாகச் சொன்னான். ரீனா காகிதத்தை நீட்டினாள். பாதி வார்த்தைகள் அவன் வாயில் நுழையவில்லை. அவள் சொன்ன பதில் சரியா தப்பா என்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

“கிளெமென்ட் சார்ட்டயே படி” என்றான். அதைச் சொல்வது அவனுக்குச் சுலபமாக இல்லை.

மறுநாள் அவனே கிளெமென்ட்டைத் தேடிப்போய், விளக்கை அணைத்தது தான்தான் என்று சொன்னான். அவர் தெரியும் என்றார்.

ரீனாவுக்கு இடம் கிடைத்தது. திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்து, சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவதென்று முடிவாயிற்று. கிளம்பும் நாளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ரொனால்டு அவள் பெட்டியை ஏற்றிவைத்து, ஜன்னலோரம் நின்றான். போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொன்னான். சரியென்றாள். பஸ் நகரும்போது, அவளுக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தான். வயதான ஒரு கன்னியாஸ்திரீ. அப்பாடா என்றிருந்தது. ரீனா அதைப் பார்த்துவிட்டாள். கோபமா சிரிப்பா என்று தெரியாத முகத்தோடு தலையை ஆட்டிவிட்டு, முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.