நூறு மணி நேரம்

"இது இடது, இது வலது. மாத்தி மட்டும் போட்டே, அப்புறம் எங்கிட்ட வரவே கூடாது" என்று சொல்லிக்கொண்டே ஸ்பீக்கர் புது ஹெட்ஃபோனைத் தங்கையின் தலையில் மாட்டினான். காதுக்கு மேல் விழுந்த முடியை ஒதுக்கினான். தலைவளையத்தை ஒரு படி இறக்கினான். இரண்டு அடி தள்ளி நின்று, கொத்தனார் சுவரைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு மட்டம் பார்த்தான்.

ஸ்பீக்கர் என்பது அவன் பெயரல்ல. ஒலிபெருக்கியும் ஹெட்ஃபோனும் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான்; பேச ஆரம்பித்தால் நிறுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. இந்த இரண்டு காரணங்களுக்காகத் தெருக்காரர்கள் வைத்த பெயர் அது. கோபம் வந்தால் பெண்டாட்டியும் அப்படித்தான் கூப்பிடுவாள். அவனுக்கு அதில் வருத்தமில்லை. ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று எதிரில் இருப்பவருக்குப் புரியவைத்துவிட்டால் அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடுகூட வேண்டாம்.

தங்கையின் வேலை காதை நம்பியது. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கு வரும் தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். பதிவில் இரண்டு பேர். கூப்பிட்ட வாடிக்கையாளர் இடது பக்கம், பதில் சொல்லும் அலுவலர் வலது பக்கம். ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கே விழுந்தாலும் பிரித்துக் கேட்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். நூறு வார்த்தைக்கு இரண்டு பிழைக்கு மேல் போனால் எச்சரிக்கை, மூன்று எச்சரிக்கை வந்தால் வேலை போய்விடும். ஒன்பது வருடத்தில் அவளுக்கு ஒன்றுகூட வந்ததில்லை.

அன்று காலை எழுந்து வேலைக்கு உட்கார்ந்ததிலிருந்து வாடிக்கையாளரின் குரல் மட்டும் போர்வைக்குள் இருந்து வருவதுபோல் இருந்ததாம். பழைய ஹெட்ஃபோனை எடுத்துக்கொண்டு அண்ணன் கடைக்கு வந்துவிட்டாள். ஸ்பீக்கர் அதை மாட்டிக் கேட்டுப் பார்த்தான். இடதும் வலதும் ஒரே மாதிரிதான் இருந்தன. கம்பியை அசைத்துப் பார்த்தான். அப்போதும் ஒன்றுமில்லை. ஆனால் ஏழு வருடத்துப் பொருள், பஞ்சு உரிந்து கருப்புத் துகளாக அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கைக்கு ஒரு நல்ல ஹெட்ஃபோன் கொடுக்க வேண்டும் என்று அவன் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தான். பெட்டி பிரிக்காமல் அலமாரியில் தயாராகவும் இருந்தது. "இது செத்துப்போச்சும்மா" என்றான். ஒரு நல்ல காரியத்துக்காகச் சொன்னது, மறுநிமிடமே மறந்துபோனான்.

இப்போது புதியது அவள் தலையில் இருந்தது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். நெற்றி சுருங்கியது.

"அண்ணா, இதுலயும் இடது பக்கம் பஞ்சு அடைச்ச மாதிரிதான் இருக்கு."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஒரு நொடி நின்றிருப்பார்கள். ஸ்பீக்கரின் முகமோ மலர்ந்தது.

"பின்ன? புதுசு இல்லையா! செட் ஆகணும்."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, விளக்கத் தொடங்கினான். உள்ளே வெங்காயத் தோலைவிட மெல்லிய ஒரு படலம் இருக்கிறது. அதன் முதுகில் ஒரு கம்பிச்சுருள், அதற்குப் பின்னால் காந்தம். மின்சாரம் வந்தால் படலம் முன்னும் பின்னும் துடிக்கும், அந்தத் துடிப்புதான் சத்தம். புதுப் படலம் விறைப்பாக இருக்கும். புதுச் செருப்பு இரண்டு காலையும் ஒரே மாதிரியா கடிக்கிறது? அதுபோல ஒரு பக்கம் முந்தும், ஒரு பக்கம் பிந்தும். நூறு மணி நேரம் ஓடினால் இரண்டும் இளகிச் சமமாகிவிடும். "அப்புறம் பாரு, கூப்பிட்டவன் தொண்டையில எச்சில் முழுங்குறதுகூட கேக்கும்."

"அதுவரைக்கும் மாத்திப் போட்டுப் பாக்கட்டுமா? இடது பக்கத்த வலது காதுல?"

"கெட்டது குடி! இந்த மெத்தைய பாத்தியா, சாய்வா வெட்டியிருக்கான். இடது மெத்தை இடது கன்னத்துக்குத்தான். உன் உடம்புச் சூட்டுல இளகி, உன் எலும்புக்கு ஏத்த மாதிரி படியும். நடுவுல மாத்திப் போட்டா ரெண்டும் வீணாப்போயிடும்."

அவன் சொன்னதில் பாதி உண்மை. மெத்தை இளகும், காதோடு படியும், அதனால் சத்தம் கொஞ்சம் மாறும். படலத்தின் கதை வேறு. முன்பொரு முறை அவனே கருவி வைத்து, புதிதாக ஒரு தடவையும் நூறு மணி நேரம் கழித்து ஒரு தடவையும் சத்தத்தை அளந்து தாளில் கோடாக வரைந்திருக்கிறான். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன. மாறுவது கேட்பவரின் மூளைதான், எந்தச் சத்தத்துக்கும் அது பழகிவிடும். ஆனால் நூறு மணி நேரம் கழித்துக் கடைக்கு வந்த வாடிக்கையாளர்களில் "மாறவே இல்லை" என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. அவ்வளவு நாள் காத்திருந்தவர் எப்படிச் சொல்வார்? அத்தனை முகங்களும் மலர்ந்ததைப் பார்த்துப் பார்த்து, தான் வரைந்த கோடுகளைவிட அந்த முகங்களையே அவன் நம்பத் தொடங்கியிருந்தான்.

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம். விடுமுறை நாளிலும் மாட்டிக்கொண்டு எதையாவது கேட்க வேண்டும். பதினேழு நாளில் நூறு தாண்டிவிடும். அவள் மேசைக்கு மேலே சுவரில் தாள் ஒட்டி, தினமும் ஆறு கோடு போட்டாள்.

இரண்டாம் நாள் போன் செய்தாள். "காதுக்குள்ள ஊன்னு ஒரு சத்தம்ணா. கழட்டி வெச்சாலும் கேக்குது."

"புது மெத்தை காத்துப் போகாம அடைச்சுக்குதுல்ல? அந்த அழுத்தம்தான். சங்கை காதுல வெச்சா கடல் கேக்குதே, அந்த மாதிரி. தானா போயிடும்."

நான்காம் நாள், எழுந்து நின்றால் தரை சாய்கிறது என்றாள். முந்நூற்றெண்பது கிராம் எடையைக் கழுத்து தாங்கிப் பழக வேண்டாமா என்றான். ஒவ்வொன்றுக்கும் அவனிடம் ஒரு விளக்கம் இருந்தது. ஒவ்வொரு விளக்கமும் அழகாக இருந்தது.

அவள் புருஷன் பால் வண்டி ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். ஐந்தாம் நாள் மாமனார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தபோது மெல்ல வாயைத் திறந்தார்.

"எதுக்கும் ஒரு காது டாக்டர்கிட்ட காட்டிடலாமா மச்சான்?"

"மாப்ள, உங்களுக்குத் தெரிஞ்சது ஹார்னும் பிரேக்கும்தான். சத்தத்தப் பத்தி எங்கிட்ட விடுங்க" என்றான் ஸ்பீக்கர். கூடம் முழுக்கச் சிரித்தது. "பாலுக்குத் தண்ணி எவ்வளவுன்னு நான் கேட்டனா?"

தங்கைதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். "இவருக்கு எல்லாத்துக்கும் ஆஸ்பத்திரிதான்ணா. தும்மினா ஸ்கேன் எடுக்கணும்பாரு." அவர் வாசலில் கிடந்த தன் செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

எட்டாம் நாள் முதல் எச்சரிக்கை வந்தது. பன்னிரண்டாம் நாள் இரண்டாவது. வாடிக்கையாளர் 'கட்டினேன்' என்றதை 'கட்டலை' என்று அடித்திருந்தாள். அழுதுகொண்டு போன் செய்தவளிடம் ஸ்பீக்கர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினான்.

"இப்ப எத்தனை மணி நேரம் ஆச்சு? எழுபத்திரண்டுதானே? அதுக்குள்ள என்ன ஒப்பாரி? சின்னப் பிள்ளையிலேருந்தே உனக்குப் பொறுமை கிடையாது. கேக்கவே தெரியாத ஜென்மத்துக்குப் போய் இதைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அவள் மன்னிப்புக் கேட்டாள். அன்று ஆறு மணி நேரத்துக்குப் பதில் எட்டு மணி நேரம் மாட்டியிருந்தாள்.

பதினேழாம் நாள் மாலை கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு அவன் தங்கை வீட்டுக்குப் போனான். நூறு முடிந்ததும் வாடிக்கையாளர் முகத்தில் வரும் அந்த மலர்ச்சியைத் தங்கையின் முகத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவள் கோடுகள் நிறைந்த தாளைக் காட்டினாள். முகம் வெளிறியிருந்தது.

"அப்படியேதான்ணா இருக்கு."

"கொடு இப்படி." வாங்கி மாட்டினான். ஓர் அழைப்பை ஓடவிட்டான். இடது பக்கம் ஒரு முதியவர் தன் வண்டி எப்படிக் கவிழ்ந்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மூச்சு வாங்குவதும், பின்னால் யாரோ பாத்திரம் கழுவுவதும்கூடக் கேட்டது. "அடேயப்பா, சத்தம் திறந்துடுச்சே! கண்ணாடி மாதிரி இருக்கு. நீ ஒழுங்கா கேட்டாத்தானே?"

அவளுக்கு மாட்டிவிட்டான். அவள் தலையை ஆட்டினாள், இல்லை. அவனுக்கு எரிச்சல் வந்தது. நூறு மணி நேரம்தான் முடிந்துவிட்டதே, இனி மாற்றிப் போட்டால் என்ன கெட்டுவிடும்? ஹெட்ஃபோனைக் கழற்றி, திருப்பி, இடதை வலதாக மாட்டினான்.

"இப்ப சொல்லு. யார் குரல் மங்குது?"

அவள் நிதானமாகக் கேட்டாள். தவறாகச் சொல்லிவிடக் கூடாது என்ற கவனம் முகத்தில் தெரிந்தது.

"இப்ப அந்தத் தாத்தா குரல் நல்லா கேக்குதுண்ணா. ஆபீஸ்காரன்தான் மங்கிட்டான்."

ஹெட்ஃபோன் திரும்பிவிட்டது, மங்கல் அவள் இடது காதிலேயே இருந்தது. பழையதை முதல் நாள் கடையில் மாட்டிக் கேட்டது நினைவுக்கு வந்தது. அதில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது என்பதும் நினைவுக்கு வந்தது.

"சரியாயிடுச்சா?" என்று கேட்டாள் அவள்.

மறுநாள் காலை காது மருத்துவமனையில் அவளைக் கண்ணாடி வைத்த சிறிய அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். சுவரெல்லாம் கூர்கூராக வெட்டிய பஞ்சு. வெளியில், ஸ்பீக்கர் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், ஒரு பெண் குமிழைத் திருகத் திருக உள்ளே ஒலி போகும். கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காதுக்குத் திரையில் சிவப்பு வட்டங்கள் மேலே வரிசையாக விழுந்தன. பிறகு இடது காது. குமிழ் திரும்பியது, இன்னும் திரும்பியது. தங்கை பொத்தானில் கட்டைவிரலை வைத்தபடி, பரீட்சையில் அடுத்த கேள்விக்குக் காத்திருப்பவள்போல ஆவலாக உட்கார்ந்திருந்தாள். அவள் இன்னும் ஒலி வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நீலப் பெருக்கல் குறிகள் ஒவ்வொன்றாகத் திரையின் அடிப்பக்கம் விழுந்தன. இருபது வருடமாக அவன் வரைந்து பார்த்த அதே மாதிரிக் கோடு. அதைப் படித்துக்காட்ட யாரும் தேவையில்லை.

டாக்டர் படிவத்தோடு அவன் பக்கம் வந்தார். "திடீர்னு நரம்பு அடிபடறது. காதுக்குள்ள மெல்லிய மயிர் மாதிரி செல்கள் இருக்கு, அதுங்க சாகுது. ஏன்னு பல நேரம் தெரியாது."

"மேல் ஸ்தாயிக்கான செல்லெல்லாம் வாசல் பக்கமா டாக்டர், உள்பக்கமா?" தான் எங்கே நிற்கிறோம் என்பதை மறந்து கேட்டுவிட்டான்.

டாக்டருக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. "வாசல் பக்கம். அதனால அதுதான் முதல்ல அடி வாங்கும்" என்று உள்காதின் சுருளை நத்தை ஓடுபோலக் காற்றில் வரைந்து காட்டினார். பிறகு பேனாவைத் திறந்தார். "எத்தனை நாளா?"

கண்ணாடிக்குப் பின்னால் அவள் இன்னும் காத்திருந்தாள்.

"அஞ்சு நாள்" என்றான் ஸ்பீக்கர்.

"நல்லவேளை. ரெண்டு வாரத்துக்குள்ள மருந்து போனா பாதிப் பேருக்கு மேல திரும்பிடுது. அதுக்கு அப்புறம் வந்தா செவிப்பறை வழியா ஊசி போட்டுப் பாக்கணும், அதுவும் உறுதியில்ல. போன மாசம் ஒருத்தர் அழுக்கு, அழுக்குன்னு இருபது நாள் குச்சி விட்டுக் குடைஞ்சுட்டு வந்தார். அந்த மாதிரி மடையனுங்களுக்கு நாம என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

"ஒண்ணும் பண்ண முடியாது டாக்டர்" என்றான்.

டாக்டர் ஐந்து என்று எழுதினார். ஊசி என்று அச்சடித்திருந்த இடத்தில் குறுக்கே கோடு போட்டுவிட்டு மாத்திரைகளை எழுதினார். பேனா நகர்வதை ஸ்பீக்கர் பார்த்துக்கொண்டே இருந்தான். அந்தக் கோட்டை அழிக்க 'பதினெட்டு' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். தொண்டை வரை வந்தது. அதற்குள் கண்ணாடி அறையின் கதவைத் திறந்துவிட்டார்கள்.

"சீக்கிரமே வந்துட்டீங்கம்மா. பயப்பட வேணாம்" என்றார் டாக்டர். "பத்து நாள் மாத்திரை. தினமும் காலையில வலது காதை மூடிக்கிட்டு, இடது காதுகிட்ட ரெண்டு விரலை உரசிப் பாருங்க. அந்தச் சரசரப்பு கேட்டா, திரும்புதுன்னு அர்த்தம்."

வெளியே நடைபாதையில் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் தளும்பியது. "நீ இல்லேன்னா நான் பயந்தே செத்திருப்பேண்ணா. அவர் பேச்சக் கேட்டு அன்னைக்கே ஓடி வந்திருந்தா, பேரு தெரியாத ஊசியெல்லாம் போட்டிருப்பாங்க. நல்லா செட் ஆகட்டும்னு காத்திருந்ததுதான் சரி, இல்ல?"

அவன் மருந்துச் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"இப்பவே ஒரு தடவை பாக்கட்டுமா?" என்றாள். மாத்திரை இன்னும் வாங்கக்கூட இல்லை. நடைபாதையின் நடுவிலேயே நின்று, வலது உள்ளங்கையால் வலது காதை அழுத்தி மூடினாள். இடது கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காதருகே கொண்டுபோய், கண்ணை மூடி உரசத் தொடங்கினாள். பின்னால் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்த ஆள் "கொஞ்சம் வழி விடும்மா" என்றார். அவள் நகரவில்லை. "யம்மா, உங்களத்தான்!" நாற்காலியில் இருந்த கிழவர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவள் தலையைச் சாய்த்து, விரல்களைக் காதுக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். ஸ்பீக்கர் அவர்களைப் பார்த்து, உதட்டின்மேல் விரலை வைத்தான்.