நாரைக்கல்லுக்கு மேலே ஒரு முழம்

மண்வெட்டியும் கையுமாய் கண்மாய் மடைக்கு வந்தாள் ராக்கு. மடைப் பலகையைத் தூக்கும் திருகுக் கம்பியில் சங்கிலியைச் சுற்றி, புத்தம் புதுப் பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். மடை பார்க்கும் கூத்தையா, இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி கரையில் குத்தவைத்து பீடி இழுத்துக்கொண்டிருந்தார்.

“நேத்து சாயங்காலம் பாரஸ்டுக்காரக ஜீப்புல வந்து பூட்டிட்டுப் போய்ட்டாக ஆத்தா. தண்ணி கொறைஞ்சா நாயி, நரி உள்ள எறங்கி குஞ்சைத் தின்னுருமாம். காமராவுல பாத்த ஆளுக ஆயிரக்கணக்குல மனுவுல கையெழுத்துப் போட்டுட்டாகளாம்.”

கார்த்திகையில்தான் எங்கிருந்தோ ஒரு பறவைச் சங்கத்தார் வந்து, கண்மாய்க்கு நடுவே நிற்கும் கருவேல மரத்தின் உச்சியில் அந்தக் காமராவைக் கட்டிவிட்டுப் போனார்கள். கீழே மஞ்சமூக்கு நாரைக் கூடு. மூன்று குஞ்சு. பகலெல்லாம் செல்லில் பார்க்கலாம். பொய் சொல்லக் கூடாது, ராக்குவுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் மகள் சிநேகா விடுதியிலிருந்து பார்ப்பாள், இவள் வரப்பிலிருந்து பார்ப்பாள். கடைசிக் குஞ்சுக்கு இன்றைக்கு மீன் கிடைத்ததா என்பதுதான் ஆத்தாளுக்கும் மகளுக்கும் அன்றாடப் பேச்சு.

ஆனால் இந்த ஊருக்கா பறவைப் பாசம் சொல்லிக்கொடுக்க வேண்டும்? தீபாவளிக்கு ஒரு வெடி கிடையாது. கல்யாணத்துக்குக் கொட்டு மேளம் கண்மாய்க்கரை தாண்டித்தான். மடைச் சுவரில் நாரை உருவம் கொத்திய கல் ஒன்று இருக்கிறது. கல்லுக்கு மேலே நிற்கும் தண்ணி வயலுக்கு, கல்லைத் தொட்டுவிட்டால் அதற்குக் கீழே உள்ளது பறவைக்கு. யார் வயல் வெடித்தாலும் பிறகு பலகையைத் தூக்க மாட்டார்கள். ராக்கு வாக்கப்பட்டு வந்த மறுவருசம், தண்ணி கல்லைத் தொட்டதென்று கதிர் வந்த பயிரை அப்படியே அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை.

இப்போது கல்லுக்கு மேலே முழுசாய் ஒரு முழம் தண்ணி நிற்கிறது. அவளுடைய ஒன்றரை ஏக்கரும் பால் பிடிக்கிற பருவம். ஒரு தண்ணி பாய்ந்தால் வீட்டுக்கு வருசச் சோறு. இரண்டு நாள் தவறினால் அத்தனையும் பதர். எவனோ குளுகுளு அறையில் உட்கார்ந்து விரலால் ஒரு தட்டுத் தட்டினானாம், இங்கே பூட்டு விழுந்துவிட்டதாம்!

சங்கத்துக்கு எழுதச் சொல்லலாம் என்று சிநேகாவைக் கூப்பிட்டாள். விசயத்தைச் சொன்னாள்.

“அம்மா… அந்த மனுவுல நானும் போட்டேம்மா.”

“என்னத்தடி போட்ட?”

“கையெழுத்து. தண்ணியில்லாம குஞ்சு செத்துரும்னு போட்டிருந்துச்சு. நம்ம மடையத்தான் அடைக்கப் போறாகன்னு தோணவே இல்லம்மா.”

“தை மாசம் நெல்லு எந்த நெலையில நிக்கும்னு ஒனக்குத் தெரியாதாடி? ஊரான் பிள்ளைக்குத் தெரியாது. நாத்தாங்கால்ல கெடந்து வளந்தவளுக்குமா தெரியாது?”

ஆயிரம் பேர் செய்ததைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இந்த ஒரு கையெழுத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மரத்தைப் பார்த்தாள். உச்சியிலிருந்து அந்தக் கண்ணாடிக்குக் கூடு தெரியும், கூட்டுக்குக் கீழே செம்மண் நிறத்தில் கொஞ்சம் தண்ணி தெரியும். கல் தெரியாது. வயல் தெரியாது. மேலேயிருந்து பார்த்தால் கணுக்கால் தண்ணியும் ஆள் முங்குகிற தண்ணியும் ஒன்றுதான். சேலையை வரிந்து சொருகிக்கொண்டு இறங்கினாள்.

“கேசு போட்ருவாக, வேணாத்தா!” என்று கூத்தையா கத்தினார்.

“போடட்டும்ணே. என் பேரையும் சேத்து எழுதிக்கிறச் சொல்லுங்க.”

சகதி காலை வாங்கியது. செல்லை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மரத்தடிக்குப் போய்த்தான் நின்றாள். தலைக்கு மேல் குஞ்சுகள் கீச்சிட்டன. ஒரு எச்சம் தோளில் வழிந்தது. துடைக்கவில்லை.

“காமராவப் பாருடி. நான் தெரியுறேனா?”

“அய்யோ அம்மா! தெரியுற. வெளிய போம்மா.”

“தண்ணி எம்புட்டு நிக்கிது?”

“நெஞ்சுக்கு நிக்கிது.” சிநேகா அழ ஆரம்பித்துவிட்டாள். “யாரோ ஒருத்தி கூட்டக் கலைக்க வந்திருக்கா, ஒடனே பிடிங்கன்னு காமராப் படத்துக்குக் கீழ எல்லாரும் எழுதுறாங்கம்மா. அசிங்கமா எழுதுறாங்க.”

“நீயும் எழுது. அது எங்க அம்மான்னு எழுது. தண்ணி நெஞ்சு முட்ட நிக்கிதுன்னு எழுது. நெல்லு பாலு பிடிக்கிதுன்னு எழுது.”

விசும்பலுக்கு நடுவே செல்லைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

“எழுதிட்டேம்மா.” பிறகு, “சங்கத்துக்காரங்க அழிச்சிட்டாங்க.”

“திரும்ப எழுதுடி!”

“எழுதுனேன். இப்ப எனக்கு எழுதவே வரமாட்டேங்குது. என்னையத் தடுத்துட்டாங்கம்மா.”

கரையில் ஜீப் வந்து நின்றது. “ஏம்மா, அறிவிருக்கா? வெளிய வா! பறவை பயந்துக்கிரும்!” என்று ஒருவர் கைகொட்டிக் கத்தினார். அந்தச் சத்தத்துக்கு எதிர் மரத்து நாரைகள் கூட்டமாய்ப் பறந்தன. ராக்கு அசையவில்லை.

இரை தேடப் போன தாய் நாரை தாழ்ந்து வந்து, அவள் தலைக்கு மேலேயே கூட்டில் இறங்கியது. கழுத்தை வளைத்து மீனைக் கக்கியதும் மூன்று குஞ்சுகளும் விழுந்தடித்துக்கொண்டு பாய்ந்தன. ஒரு கெண்டை மட்டும் தவறி, காமராவுக்கு நேர் கீழே, ராக்குவின் நெஞ்சுக்கு முன்னால் பொத்தென்று விழுந்தது. வெள்ளையாய் ஒரு தரம் புரண்டு, கீழே, கீழே போய், கண்ணுக்குத் தெரியாமல் போனது.