ஒன்பதாம் நாள்

திரையில் எழுந்த எண்ணைப் பார்த்ததும் எலிஹியோ மார்மொலேஹோஸ் நாற்காலியில் நிமிர்ந்தார். ஏற்கெனவே நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். இன்னும் கொஞ்சம் நிமிர்வதற்கு அந்த முதுகில் இடமிருந்தது.

வெள்ளைத் திரையில் ஒரே ஓர் எண். 9.

"ஒன்பது நாள்," என்றாள் பேஸ்பால் கிளப்பின் வக்கீல் ஹால்வர்சன்.

அவள் பேசிய ஆங்கிலம் எலிஹியோவுக்குப் புரியாது. காதில் செருகியிருந்த கருவியில் மொழிபெயர்ப்பாளர் பெண் ஒருத்தி அதை ஸ்பானிஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். இதமான குரல், பூசையில் ஜெபம் வாசிக்கிற குரல். அந்தக் குரலில்தான் ஒரு மணி நேரமாக அவருடைய மகன் ஃபெர்மினைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். மட்டையடி போதாது, முட்டி தேய்ந்துவிட்டது, ஓட்டத்தில் ஆமை, வயது முப்பத்தொன்று.

"போன ஜூலையில இந்த ஆட்டக்காரர் ஒன்பது நாள் டீமை விட்டுப் போனார். அடிபட்டுப் போகல. வீட்டுல சாவுன்னா ஏழு நாள் வரைக்கும் விடுப்பு, விதியிலேயே இருக்கு. ஏழையும் கொடுத்தோம். எட்டாம் நாள் வரல. ஒன்பதாம் நாளும் வரல. அந்த ரெண்டு நாளும் ஆட்டம் இருந்துச்சு. ரெண்டையும் தோத்தோம். சீசன் முடிவுல ஒரே ஒரு ஆட்டத்துல அடுத்த சுற்றைக் கோட்டை விட்டோம்." அவள் தண்ணீர் குடித்துக்கொண்டாள். "இதைக் குற்றம்னு கிளப் சொல்லல. குறைன்னு சொல்றோம்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் அந்தச் சொல்லைச் சொன்னாள். குறை.

கடல் தாண்டி, பனி என்ற பெயருள்ள எலிஹியோவின் ஊரில் அந்தச் சொல் ஆட்டுச் சந்தையில் புழங்குவது. வாயைப் பிளந்து பல்லைப் பார்த்து, மடியை அமுக்கிப் பார்த்து, "இதுல ஒரு குறை இருக்கே" என்று விலையை இறக்குவார்கள். ஆனால் சந்தையில் அப்படிச் சொல்பவன் வாங்க வந்தவன். ஐந்து வருஷமாகத் தன் பட்டியில் நிற்கும் ஆட்டை அதன் முகத்துக்கு நேரே குறை சொல்லிவிட்டு, மறுநாள் விடிந்ததும் சொம்பை எடுத்துக்கொண்டு பால் கறக்க வருகிற ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை.

பிப்ரவரி மாதம், பீனிக்ஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் கூட்ட அறை. அடுத்த சீசனுக்கான சம்பளத்தில் கிளப்பும் ஆட்டக்காரனும் ஒத்துப்போகவில்லை என்றால் இங்கேதான் வந்து நிற்க வேண்டும். ஃபெர்மின் கேட்டது எழுபத்திரண்டு லட்சம் டாலர். கிளப் தருவதாகச் சொன்னது ஐம்பத்தொன்பது லட்சம். மூன்று நடுவர்கள் இரு தரப்பையும் கேட்டுவிட்டு இந்த இரண்டில் ஒன்றை எடுப்பார்கள். நடுவில் ஒரு தொகையைச் சொல்ல அவர்களுக்கே அதிகாரம் கிடையாது. எலிஹியோ முப்பத்திரண்டு வருஷம் நில அளவையாளராக இருந்தவர். எந்த வேலித் தகராறிலும் இரண்டு பேர் சொல்லும் கோட்டுக்கும் நடுவில்தான் உண்மையான எல்லை கிடக்கும் என்பது அவர் அனுபவம். நடுக்கோடே கிடையாது என்று விதி எழுதியவனை அவருக்குப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

"நம்ம ஆள் ஒருத்தராவது பக்கத்துல இருக்கணும்பா" என்று ஃபெர்மின்தான் அவரைக் கெஞ்சி வரவழைத்திருந்தான். வாய் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு இரு தரப்பும் சம்மதித்திருந்தார்கள். "கூப்பிடாத இடத்துல பேசுற பழக்கம் நம்ம வம்சத்துலயே கிடையாது" என்று அவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

எதிர் மேசையின் கடைசியில் கிளப்பின் மேலாளர் டன்லவி உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தார். எலிஹியோவின் மனைவி எத்தெல்வினா இறந்தபோது மலர் வளையம் அனுப்பியவர் அவர்தான்.

இடைவேளை விட்டார்கள். தாழ்வாரத்தில் காப்பி மேசை பக்கம் போனதுமே ஃபெர்மினின் முகவர் ஒஸ்மானி கெசாடா கைகளைத் தேய்த்துக்கொண்டான். மியாமிக்காரன், வாய் ஓயாது; ஆனால் பெரியவர்களை மரியாதையாகத் 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவான்.

"அடிச்சோம்டா! அந்தம்மா தன் கையாலேயே நமக்குத் தூக்கிக் கொடுத்துட்டா. தோன் எலிஹியோ, இதைப் பாருங்க."

மடிக்கணினியைத் திறந்தான். எத்தெல்வினா. சவப்பெட்டிக்குள் வெள்ளைத் துணியில், கையில் ஜெபமாலையோடு. பக்கத்தில் மண்டியிட்டு அழும் ஃபெர்மின். யாரோ ஒரு மச்சினன் மகள் ஊருக்கெல்லாம் அனுப்பிய படம்.

"பதில் சொல்ல நமக்கு அரை மணி நேரம் இருக்கு. முதல் வேலையா இதைத் திரையில போடுறேன். நடுவுல உட்கார்ந்திருக்காரே, அவருக்கு எழுபது வயசு. ஒரு தாயோட முகத்தைப் பார்த்துக் கரையாத மனுஷன் உண்டா?"

"மூடு அதை."

"தோன் எலிஹியோ..."

"மூடுன்னேன். இருபத்தெட்டு பேர் முன்னால காட்டறதுக்கா அவ முகத்தைக் கழுவிப் பவுடர் போட்டு வச்சோம்? படத்தைக் காட்டிக் காசு கேட்கறது தேவாலய வாசல்ல உட்கார்ந்திருக்கறவன் செய்யற வேலை. எங்க வீட்டுல அந்தத் தொழிலுக்கு ஆள் பொறக்கல."

"இது பிச்சை இல்லீங்க, பதிலடி. அவங்க அடிச்சா நாம திருப்பி அடிக்கணும்."

"அடி. உன் கையால அடி. என் பொண்டாட்டி பிணத்தைத் தூக்கி அடிக்காதே."

ஒஸ்மானி ஃபெர்மினைப் பார்த்தான். ஃபெர்மின் காகிதக் கோப்பையை நசுக்கிக்கொண்டிருந்தான். பெரிய உருவம். பந்து வீசுபவனுக்கு எதிரே ஓர் ஆட்டத்தில் நூற்றைம்பது முறை குந்தி எழுந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர் வேலை அவனுக்கு.

"எட்டாம் நாள் காலையில நான் பையைத் தூக்கிட்டு வாசல்ல நின்னேன்," என்றான். "ஞாபகம் இருக்காப்பா?"

"இருக்கு."

"கார் வந்து நின்னுச்சு. கையில டிக்கெட். நீங்க என்ன சொன்னீங்க?"

எலிஹியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"ஒன்பதாம் நாள் ஜெபம் முடியறதுக்கு முன்னால மூத்த பிள்ளை படி தாண்டினா, தாண்டினவன் அப்படியே போகட்டும், திரும்பி வர வேண்டாம்னு சொன்னீங்க. சித்தி, மாமா, பாதிரியார், எல்லார் முன்னாலயும். நான் பையை உள்ள வச்சேன். ஒரு வார்த்தை பேசல. இங்க வந்து டீம்ல ஒவ்வொருத்தன் வாயிலயும் விழுந்தேன். அதையும் உங்ககிட்டச் சொல்லல. இன்னிக்கு அதுக்குக் 'குறை'ன்னு பேர் வச்சாச்சு. அதையும் வாங்கிக்கிட்டு, பதிலும் சொல்லக் கூடாதா?" அவன் குரல் ஏறியது. காப்பி ஊற்றிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். "எப்பவும் இப்படித்தான். கௌரவம் உங்களோடது. குந்தறது என் முட்டி."

எலிஹியோவுக்கு முதலில் வந்தது கோபம்தான். மூன்றாம் மனிதன் முன்னால் பெற்ற தகப்பனிடம் பேசுகிற பேச்சா இது? எத்தெல்வினா இருந்திருந்தால் ஒரு பார்வையிலேயே இவனை அடக்கியிருப்பாள். தொப்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அந்தக் கோபத்தை எறிய ஓர் ஆள் தேடினார். வக்கீல், டன்லவி, இந்த மியாமி வாயாடி. ஒவ்வொருவர் மேலும் கொஞ்சம் எறியலாம். ஆனால் எட்டாம் நாள் காலையில் வாசலில் நின்று கையை நீட்டி மறித்தது அவர்களில் யாருமில்லை.

அவர் சொன்னது தப்பு என்று இப்போதும் அவருக்குத் தோன்றவில்லை. ஒன்பது நாள் என்றால் ஒன்பது நாள்தான். ஆனால் கல்லை நட்டவன் ஒருத்தன், அதில் கால் இடறியவன் வேறொருத்தன்.

"பேனா கொடு," என்றார் ஒஸ்மானியிடம்.

வரைபடத்தின் அடியில் எழுதுவது போலவே, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக எழுதினார்.

'எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் என் உத்தரவு. மகன் புறப்பட்டு நின்றான். நிறுத்தியவன் நான். எலிஹியோ மார்மொலேஹோஸ். இந்த அறையில்தான் இருக்கிறேன்.'

"படம் வேண்டாம். இதை வாசி."

ஒஸ்மானி படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "இதால கேஸ் ஜெயிக்காதுங்க. 'பார்த்தீங்களா, அப்பன் அதட்டினா டீமை அம்போன்னு விட்டுடுவான்'னு அந்தம்மா இன்னும் ஏறி மிதிப்பா. படத்தைப் போட்டா ஜெயிக்கலாம்."

"நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்." எலிஹியோ மகனைப் பார்த்தார். "முட்டி அவனோடது. அவன் முடிவு பண்ணட்டும்."

ஃபெர்மின் காகிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தான். அப்பா தன் செயலுக்குத் தானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு அவன் பார்ப்பது இதுவே முதல் தடவை.

"படத்தை எடுத்துடு, ஒஸ்மானி," என்றான்.

உள்ளே ஒஸ்மானி இருபத்தைந்து நிமிஷம் எண்களைச் சொன்னான். பிடித்த பந்துகள், தடுத்த ஓட்டங்கள், இதே போன்ற கேட்சர்கள் வாங்கும் சம்பளம். கடைசியில் காகிதத்தை எடுத்து ஆங்கிலத்தில் வாசித்தான். தன் சொற்கள் ஆங்கிலமாகப் போய், மறுபடி அந்த இதமான குரலில் தன் காதுக்கே திரும்பி வருவதை எலிஹியோ கேட்டார்.

நடுவில் இருந்த நடுவர் தலையைத் தூக்கினார். "அவர் இங்க இருக்காரா?"

எலிஹியோ எழுந்து நின்றார். தொப்பி கையில் இருந்தது. வாய் திறக்கவில்லை.

"ஆட்சேபிக்கிறேன்," என்றாள் ஹால்வர்சன். "அவர் பார்வையாளர். சாட்சி இல்ல."

"அவர் ஒண்ணும் சொல்லலையேம்மா. நிக்கிறார், அவ்வளவுதானே," என்றார் நடுவர்.

எலிஹியோ நடுவர்களைப் பார்க்கவில்லை. டன்லவியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் போனைக் கீழே வைத்தார். பிறகு கவிழ்த்து வைத்தார். உட்காரலாம் என்று நடுவர் சொன்ன பிறகும் எலிஹியோ சற்று நேரம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

எல்லாம் முடிந்து ஹோட்டல் முகப்புக்கு வந்தபோது டன்லவி வேகமாக வந்து கையை நீட்டினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். இது வருஷா வருஷம் நடக்கிற சடங்கு. உங்க பையன் எங்களுக்குக் குடும்பத்துல ஒருத்தன் மாதிரி."

ஃபெர்மின் மொழிபெயர்த்தான். எலிஹியோ தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கேளு அவனை. பெத்தவ செத்துக் கிடக்கும்போது நாளை எண்ணினவன், எண்ணினதைத் திரை கட்டிக் காட்டினவன், எந்தக் குடும்பம்? எங்க வீட்டுல துக்கம் ஒன்பது நாள். அவன் வீட்டுல ஏழோட தீர்ந்துடுமான்னு கேளு."

ஃபெர்மின் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். டன்லவி சிரித்துத் தலையாட்டி, நீட்டிய கையால் ஃபெர்மினின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

"என்னடா சொன்னே?"

"ரொம்ப சந்தோஷம்னு சொன்னேன்."

"நான் பேசினது அவ்வளவு நீளம். நீ ரெண்டு வார்த்தையில முடிச்சுட்டே!"

"இன்னும் எட்டு மாசம் அவங்க சட்டையைப் போட்டுக் குந்தணும்பா. நவம்பர்ல ஒப்பந்தம் முடியுது. அப்புறம் எந்தக் கிளப்புக்கு வேணும்னாலும் போகலாம். அன்னிக்கு ஒரு வார்த்தை விடாம மொழிபெயர்க்கிறேன்."

மறுநாள் மத்தியானம் தீர்ப்பு வந்தது. கிளப் சொன்ன தொகை. அவ்வளவுதான். நடுவர்கள் காரணம் சொல்வதில்லை, அது வழக்கம். காகிதம் கெடுத்ததா, முட்டி கெடுத்ததா, யாருக்கும் தெரியாது. "அந்தப் படம் மட்டும்..." என்று ஆரம்பித்த ஒஸ்மானி, எலிஹியோவின் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டான்.

அந்த வருஷம் முழுக்க எலிஹியோ ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்த்தார். கிளப் அனுப்பிய தொப்பியைக் கோழிக் கூண்டின் ஆணியில் மாட்டினார். "தோன் எலிஹியோ வீட்டுக் கோழியும் லீக்ல சேர்ந்துடுச்சு போல" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேலி செய்தபோதும் அவர் சிரிக்கவில்லை. ஃபெர்மின் நூற்று முப்பத்தொரு ஆட்டங்கள் ஆடினான். வாழ்நாளிலேயே அவன் நன்றாக ஆடிய வருஷம் அது. யார் மேல் உள்ள கோபத்தில் அப்படி ஆடினான் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

நவம்பரில் ஊருக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் குழம்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது டன்லவி போன் செய்தார். ஃபெர்மின் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான். மூன்று வருஷ ஒப்பந்தம், நல்ல தொகை, இளம் பந்துவீச்சாளர்களுக்கு அவன்தான் தூண். அப்பாவுக்காக ஒவ்வொன்றையும் ஸ்பானிஷில் சொல்லிச் சொல்லி வந்தான்.

"ஏழு நாள்ல பதில் வேணும், ஃபெர்மின். அதுக்கு மேல நாங்க வேற கேட்சரைப் பார்க்க வேண்டியிருக்கும்."

ஃபெர்மின் கரண்டியைக் கீழே வைத்தான்.

"மிஸ்டர் டன்லவி, பிப்ரவரியில எங்கப்பா உங்ககிட்ட ஒண்ணு கேட்டார். நான் சரியா மொழிபெயர்க்கல. இப்பச் சொல்றேன்."

சொன்னான். நாளை எண்ணியதையும், திரை கட்டியதையும், எந்தக் குடும்பம் என்பதையும். ஆங்கிலம் புரியாவிட்டாலும் அது நீளமாக இருந்ததை எலிஹியோ கவனித்தார்.

"ஏழு நாள்னு சொன்னீங்க," என்றான் கடைசியாக. "எங்க வீட்டுக் கணக்கு ஒன்பது."

அந்த வாரத்திலேயே வேறு இரண்டு கிளப்புகள் பேசின. எட்டாம் நாள் காலையில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் மறுபடி அடித்தது. திரையில் டன்லவியின் பெயர். எலிஹியோ போனைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். இந்தத் தடவை அவர் எதுவும் சொல்லவில்லை.

ஃபெர்மின் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அடிக்கட்டும்பா," என்றான். "இன்னிக்கு எட்டுதானே."