டப்பாவில் விழுந்த மூன்று கொட்டைகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைபிடிகாரன் புரளி கிளம்பியபோது முதலில் வாய் திறந்தவள் நான்தான். தொண்ணூற்றாறாம் வருஷம், லுணுகலையிலிருந்து துணி விற்க மூட்டையோடு எங்கள் லயத்து வீடுகளுக்கு வந்த தாஸிம் நானாவைப் பார்த்து, "புள்ள புடிக்கிறவன்!" என்று கத்திவிட்டேன். நாலு பேர் ஓடி வந்தார்கள், நாற்பது பேரானார்கள். மனிதரைத் தூணில் கட்டி வைத்துவிட்டு மூட்டையைப் பிரித்தால், சேலையும் பாவாடைத் துணியும். அவர் அழுதுகொண்டே அவற்றை மடித்து அடுக்கியதைப் பார்த்த நாளோடு, என் பயத்தின் மேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது.

அதற்குப் பிறகுதான், கூட்டத்தோடு ஓடாமல் அவரவர் தானாக யோசித்துப் பழகட்டும் என்று தோட்டப் பள்ளிக்கூடத்து சிவஞானம் சார் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியை ஆரம்பித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மலையில் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் சாரையும் சேர்த்துப் பத்துப் பேர் கூடுவோம். அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா நான் என்பதால் சாவி என்னிடம் இருந்தது.

ஆளுக்கு ஒரு தேயிலைக் கொட்டை, ஒரு கூழாங்கல். சார் ஒரு கேள்வி கேட்பார். ஆம் என்றால் கொட்டை, இல்லை என்றால் கல். துணி மூடிய டப்பாவுக்குள் கையை விட்டுப் போட வேண்டும்.

"ஒருத்தரும் மற்றவையின்ர முகத்தைப் பாக்கக் கூடாது. காரணமும் சொல்லக் கூடாது. சொல்லத் தொடங்கினா சத்தமாக் கதைக்கிறவர்தான் வெல்லுவார்" என்பார்.

அதுவும் உண்மைதான். அதுவரை அழகர் கங்காணி எதைச் சொன்னாலும் தலையாட்டியவர்கள் நாங்கள். கங்காணியின் சேவலைக் கொண்டுபோனது சிறுத்தைதானா என்பது வரைக்கும் டப்பாவில் போட்டுப் பார்த்தோம். ஒரு வருஷத்தில் எங்களுக்குப் புத்தி முளைத்துவிட்டதாக ஒரு நினைப்பு வேறு.

தொண்ணூற்றேழு நவம்பரில் மழை விடவேயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சார் கேட்டார்: பிள்ளைக்காம்பராவுக்குப் பின்னால் இருக்கும் மேடு சரியுமா?

வெள்ளிக்கிழமையிலிருந்து பிள்ளைக்காம்பராக் கதவு நிலையில் உட்காரவில்லை. தள்ளித் தள்ளித்தான் சாத்தினேன். மழைக்கு மரம் உப்பியிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டாலும் கை கொட்டையைத்தான் போட்டது. டப்பாவைக் கவிழ்த்தார்கள். மூன்று கொட்டை, ஏழு கல்.

"அப்பறம் என்ன? மேடு அங்கனயேதான் இருக்கும்" என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயைத் திறந்தால் யாராவது தாஸிம் நானாவை ஞாபகப்படுத்துவார்கள்.

திங்கட்கிழமை காலையில் பதினொரு குழந்தைகள் வந்தன. கடைசியாக வந்த கருப்பம்மா, ஞாயிற்றுக்கிழமைப் பத்துப் பேரில் ஒருத்தி, மகளின் காலைத் துடைத்துவிட்டபடி சொன்னாள்: "பீலித் தண்ணி ரெண்டு நாளா செக்கச்செவேல்னு வருது ஆயம்மா. கால கழுவுனா இன்னும் சேறாகுது." சொல்லிவிட்டு அவசரமாக மலைக்குப் போய்விட்டாள்.

நாங்கள் குளிக்கவும் குடிக்கவும் பிடிக்கும் அந்தப் பீலிக் குழாய்க்குத் தண்ணீர் வருவது இதே மேட்டிலிருந்துதான். கதவு மட்டும் என்றால் மழை. தண்ணீர் மட்டும் என்றாலும் மழை. இரண்டும் சேர்ந்தால்?

குழந்தைகளை மழையில் இழுத்துக்கொண்டு போய், ஒன்றும் நடக்காவிட்டால் வேலை போய்விடும். குழந்தைகளுக்குக் காய்ச்சல் வரும். சாகும்வரை என்னைப் பிள்ளைபிடிகாரன் கதை சொல்லியே கேலி செய்வார்கள். தொட்டிலில் ஒன்று விரலைச் சப்பிக்கொண்டு என்னைப் பார்த்தது. நான் அதைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

வாசலில் கங்காணி எதிரே வந்தார். "எங்க ஆயம்மா கெளம்பிட்டீங்க? இன்னிக்கி யாரு வர்றா புள்ள புடிக்க?"

"ஆமாங்க, பயந்துட்டேன். நீங்களும் ஒரு புள்ளயத் தூக்குங்க" என்றேன். அழுகையை என்னால் அடக்க முடியவில்லை. அவர் முணுமுணுத்தபடி ஒன்றுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டார். மற்றவை என் சேலையைப் பிடித்துக்கொண்டு எதிர்மேட்டு மாரியம்மன் கோயிலுக்கு நடந்து வந்தன.

பத்து மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. இடி என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தபோது பிள்ளைக்காம்பராவின் பின்சுவர் இல்லை. தொட்டில்கள் கட்டியிருந்த இடத்தில் சேறு கூரை வரை நின்றது.

தாய்மார் அலறிக்கொண்டு ஓடி வந்தார்கள். கருப்பம்மா மகளை வாரி அணைத்துக்கொண்டு என் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நானும் கொட்டதான் போட்டேன் ஆயம்மா. ஏழு பேரு கல்லு போட்டாங்களே, எனக்கு என்னா தெரியும்னு புள்ளயக் கொண்டாந்து விட்டுட்டேன்."

அவள் ஒன்று, நான் ஒன்று. மூன்றாவது யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்த சிவஞானம் சார் நனைந்த சட்டையோடு கோயில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மேட்டுப் பாதையில ஒரு வெடிப்பு. சனிக்கிழமை பாத்தனான். கால் நுழையிற அளவு."

"ஏன் சார் சொல்லல?"

"காரணம் சொல்லக் கூடாதெண்டு விதி போட்டது நான்தானே, ஆயம்மா."

ஓங்கி அறையலாம் போல இருந்தது. ஆனால் கதவைப் பற்றி நானும்தான் வாய் திறக்கவில்லை. ஒரே டப்பாவுக்குள் கையை விட்டு, மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறோம்.

குழந்தைகளை மறுபடியும் எண்ணினேன். இரண்டு தரம் பத்து என்றே வந்தது; பதினோராவது என் இடுப்பிலேயே விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.